கடைக்கு அனுப்பிய பிள்ளை

(ஜொகூர், மாசாயில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்களில் பலர் நாளை விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சிங்கப்பூருக்குப் புறப்பட வேண்டியவர்கள். அந்தத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

நான் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன். பிறகு அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் மருத்துவ உதவியாளராக முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் கடைசிவரை என்னை 'டிரசர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையின் கடைசிப் பத்தாண்டில், புகைப்பதை நிறுத்த வருபவர்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. இன்று சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களிடம் நான் கற்றது. கொஞ்சம் என் சொந்தக் கதை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு ஏழு, எட்டு வயதிருக்கும். பால்வெட்டு முடித்து வரும் அப்பா, வாசல் படியில் உட்கார்ந்து, "டேய், கடையில போய் ரெண்டு குச்சி வாங்கிட்டு வா" என்பார். காசு கொடுக்க மாட்டார், கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். கடைக்காரர் டப்பாவைத் திறந்து இரண்டு சிகரெட்டை எடுத்து என் கையில் வைப்பார். வீட்டுக்கு வந்ததும் அடுத்த வேலை: அடுப்பில் பற்றவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விறகு நெருப்பில் நுனியை வைத்தால் மட்டும் பற்றாது, மறுமுனையை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். இந்த மண்டபத்தில் அறுபதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது? அதோ, கை தூக்குகிறார்கள். என் முதல் புகை அதுதான். கெட்ட சகவாசம் எதுவும் எனக்குக் கற்றுத்தரவில்லை. என் மேல் உயிரையே வைத்திருந்த அப்பா கற்றுத்தந்தார்.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாதியும் உண்டு. பன்னிரண்டு வயதில் அப்பா பெயரைச் சொல்லி எனக்காக ஒரு குச்சி வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். எதுவும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். செம்மண் சாலையோரம் பால்மரங்களுக்கு நடுவே நின்று இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாலையில் அப்பா இடுப்புவாரை அவிழ்த்தார். எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. கடைக்காரர் சொன்னாரா, வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொன்னாரா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்த கிழவி சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நாற்பது வீடு, எண்பது கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தோட்டத்து வாழ்க்கையில் இரண்டும் இருந்தன. எல்லாரும் எங்கள் கண்முன்னே புகைத்தார்கள். எல்லாரும் எங்களைக் கவனித்தும் கொண்டார்கள். முதலாவது எங்களைக் கெடுத்தது. இரண்டாவது எங்களில் பலரைக் காப்பாற்றியது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபோது முதலாவதை மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். இரண்டாவதை அங்கேயே விட்டுவிட்டோம். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

'நகரத்துப் பிள்ளையா, கிராமத்துப் பிள்ளையா, யார் அதிகம் புகைக்கிறார்கள்?' என்ற கேள்வி எல்லா ஆய்வுகளிலும் வருகிறது. தேசிய சுகாதார ஆய்வுகளில் பெரியவர்களைப் பொறுத்தவரை கிராமப்புறமே முன்னால் நின்று வந்திருக்கிறது. இந்தியாவிலும் அப்படித்தான். 2016-17-இல் அங்கே நடந்த பெரிய ஆய்வில் ஏதாவதொரு வடிவில் புகையிலை பயன்படுத்தியவர்கள் கிராமத்தில் 32.5 விழுக்காடு, நகரத்தில் 21.2 விழுக்காடு. புகைப்பவர்களை மட்டும் எடுத்தாலும் கிராமம் 11.9, நகரம் 8.3. காரணங்கள் நமக்குத் தெரிந்தவையே: உடல் உழைப்பு, குறைந்த கூலி, குறைந்த படிப்பு, கையருகே மலிவான சரக்கு.

ஆனால் நம் நாட்டில் 'நகரம்' என்றால் என்ன? கணக்கெடுப்புத் துறையின் விதிப்படி, அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஓர் இடமும் அதை ஒட்டிய கட்டடப் பகுதியும் சேர்ந்து குறைந்தது 10,000 பேரைக் கொண்டு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் குறைந்தது 60 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால் அது நகரம். 1970-இல் மலேசியர்களில் 28.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். 2020-இல் 75.1 விழுக்காடு. ஐம்பதே ஆண்டுகளில் ஒரு தேசம் இடம் மாறிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நம் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பிறகு தோட்டங்களே துண்டு போடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. தெப்ராவ் பக்கம் போனால், ஒரு காலத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் பால்மரம் நின்ற இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. அந்த மக்கள் எங்கே? மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய், செனாய் மலிவு விலை அடுக்குமாடிகளில். கணக்கெடுப்பு அதிகாரியின் தாளில் அவர்கள் நகரவாசிகள். பழக்கத்திலும் வருமானத்திலும் பாதிப்பேர் இன்னும் தோட்டத்து ஆட்கள். அதனால் நகரம், கிராமம் என்ற இரண்டு கட்டத்தில் நம் பிள்ளைகளை அடைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது பிள்ளைகளின் கணக்குக்கு வருகிறேன். 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடம் நம் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 2017-இல் சிகரெட் புகைத்தவர்கள் 13.8 விழுக்காடு. 2022-இல் அது 6.2 விழுக்காடாக இறங்கியது. பாதிக்கும் கீழே! கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே ஐந்தாண்டில் வேப், அதாவது மின்சிகரெட், 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9-க்கு ஏறியது. பையன்களை மட்டும் எடுத்தால் 23.5 விழுக்காடு. நாலு பையனில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளில் 6.2. தோட்டத்தில் பாட்டிமார் வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொண்டது உண்டே தவிர, இளம்பெண் புகைத்து நான் பார்த்ததில்லை. இன்று பதினாறு பெண் பிள்ளைகளில் ஒருத்தி. நாற்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பறையை மனத்தில் கொண்டுவாருங்கள். அதில் ஆறு பேர்.

குச்சி குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. அவை நல்ல காரணங்கள். நடுவயது நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு 1991 மறக்காது. அந்த ஆண்டு ஜொகூர் அணி லீக் கிண்ணத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. ஊரே தெருவில் இறங்கியது. அந்த லீக்கின் பெயரில் என்ன இருந்தது? டன்ஹில். 1989 முதல் 2004 வரை ஒரு சிகரெட்டின் பெயரை வாயாரச் சொல்லித்தான் நம் பிள்ளைகள் கால்பந்து பார்த்தார்கள். தொலைக்காட்சியில் சிகரெட்டைக் காட்டக்கூடாது என்று தடை இருந்தபோதே, பந்தாட்டத்தின் முதுகில் ஏறி அது வீட்டுக்குள் வந்தது. தோட்டத்து மன்றத்துத் தொலைக்காட்சியிலும் அதே பெயர், ஜொகூர் பாரு மாடிவீட்டுத் தொலைக்காட்சியிலும் அதே பெயர். நகரம், கிராமம் என்ற வேற்றுமையை முதலில் அழித்தவர்கள் வியாபாரிகள்தான். 2004-இல் புதிய விதிமுறைகள் வந்து அந்த ஆதரவு விளம்பரங்களை நிறுத்தின. 2005-இல் மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. பெட்டியில் புற்றுநோய்ப் படங்கள் வந்தன. 20 குச்சிக்குக் குறைந்த சிறு பெட்டிகள் போயின. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது. இதற்கெல்லாம் பின்னால், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராயிருந்து மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் போன்றவர்கள் பல்லாண்டு கத்திக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் பத்திரிகை நடத்தித் தோட்டம்வரை அந்தச் செய்தியைக் கொண்டுபோன சங்கம் அது.

விலையும் ஏறியது. 2015 நவம்பரில் ஒரு குச்சிக்கு 40 காசு கலால் வரி என்று உயர்த்தினார்கள். பெட்டி 17 வெள்ளியானது. இங்கேதான் கிராமத்துக்கும் நகரத்துக்கும் உண்மையான வேறுபாட்டை நான் கண்டேன். வரி கட்டாத கடத்தல் சிகரெட் பெட்டி அந்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. மாநகரில் அதை வாங்க ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். கோத்தா திங்கி, மெர்சிங் உள்பகுதிகளில், செம்பனைத் தோட்டச் சாலைகளில், அதிகாரி வருவது அபூர்வம். கல்லாவுக்குக் கீழே கையை விட்டால் சரக்கு. தொழிற்சாலைப் பையனின் சட்டைப்பையில் ஐந்து வெள்ளி இருந்தால் போதும். சிகரெட் நிறுவனங்களின் ஏற்பாட்டில் நடந்த கணக்கெடுப்புகள் சந்தையில் பாதிக்கு மேல் கள்ளச் சரக்கு என்கின்றன. வரியைக் குறைக்கச் சொல்வதற்காக அவர்கள் அந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. வரி குறைந்தால் முதலில் வாங்குவது மாணவன். செய்ய வேண்டியது உட்பகுதிக் கடைகளில் சோதனை. மாநகரில் பத்து முறை போகும் அதிகாரி, உட்பகுதிக்கு இரண்டு முறையாவது போக வேண்டும்.

இனி வேப். இதில் ஜொகூருக்கென்று ஒரு வரலாறு உண்டு. 2015-இல் ஜொகூர் சுல்தான், இன்றைய மாமன்னர், சுல்தான் இப்ராஹிம், வேப் விற்கும் கடைகள் இந்த மாநிலத்தில் இருக்கக்கூடாது என்று ஆணையிட்டார். 2016 ஜனவரி 1 முதல் தடை. வேறு சில மாநிலங்கள் பல ஆண்டு கழித்து யோசித்ததை நாம் அன்றே செய்தோம். ஊராட்சி மன்றங்கள் கடைக்கு உரிமம் தருவதில்லை. அப்படியானால் இந்த ஊரில் வேப் இருக்கக்கூடாது அல்லவா? இந்த மண்டபத்துக்கு வரும் வழியிலேயே, பேருந்து நிறுத்தத்தில், பள்ளிப் பருவத்துப் பையன் ஒருவனின் வாயிலிருந்து மாம்பழ வாசனையோடு வெள்ளைப் புகை வந்தது. உரிமம் கடைக்குத் தேவை. கைப்பேசிக்கு உரிமம் தேவையில்லை. பக்கத்து மாநிலத்திலிருந்து அஞ்சல் பொட்டலத்தில் வருகிறது; மூத்த மாணவன் பள்ளிக் கழிவறையில் விற்கிறான்.

இதற்கிடையே தேசிய அளவில் ஒரு தவறு நடந்தது. என் வாழ்நாளில் பொதுச் சுகாதாரத்தில் நான் பார்த்த பெரிய தவறுகளில் ஒன்று என்பேன். 2023 மார்ச் 31 அன்று, 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து திரவ நிக்கோடினை எடுத்தார்கள். வரி வசூலிப்பதற்காக. ஒரு மில்லிலிட்டருக்கு 40 காசு. மறுநாளிலிருந்து, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நிக்கோடின் வேப் விற்றால் அதைத் தடுக்க நாட்டளவில் ஒரு சட்டமும் இல்லை. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1. ஒன்றரை ஆண்டு! பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஒன்றரை ஆண்டு என்பது பழக்கம் பிடித்து வேரூன்றப் போதுமான காலம்.

வேப் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புகைப்பதை நிறுத்த வருபவர்களை ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வோம். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அது அளக்கும். சிகரெட் எரிவதால் அந்த வாயு உண்டாகிறது. பொய் சொல்பவர்களையும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் ஒரு தாய் படிவம் இரண்டில் படிக்கும் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "டிரசர், இவன் சிகரெட் குடிக்கிறானான்னு பாருங்க." பையன் ஊதினான். பச்சை விளக்கு. அந்த அம்மா அழுதுவிட்டார், நிம்மதியில். எனக்கு மனம் ஒப்பவில்லை. தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். வண்ணப் பேனாவைப்போல இருந்தது. தர்ப்பூசணிச் சுவை. வேப்பில் எதுவும் எரிவதில்லை, அதனால் அந்தக் கருவிக்கு அது தெரியாது. வீட்டில் வாசனையும் இல்லை, விரலில் மஞ்சள் கறையும் இல்லை. எங்கள் கருவிக்கே தெரியாதது ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்?

இன்னொரு கேள்வி எங்களிடம் உண்டு: 'காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?' ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அடிமைத்தனம் கடுமை என்று பொருள். அந்தப் பையனிடம் அதைக் கேட்டேன். "எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே" என்றான். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறான். இரவில் விழிப்பு வந்தால் ஒரு இழுப்பு. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. ஏழெட்டு நிமிடத்தில் எரிந்து தீரும், அடுத்ததைப் பற்றவைக்க வெளியே போக வேண்டும். இதற்கு முடிவே இல்லை. நாள் முழுக்க உறிஞ்சலாம். இப்போது வருவது நிக்கோடின் உப்பு. தொண்டையை எரிக்காது, அதனால் செறிவைக் கூட்டி அடைக்கிறார்கள். '5 விழுக்காடு' என்று போட்டிருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிக்கோடின். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரியவர்களுக்கே 20-க்கு மேல் விற்கக்கூடாது. மனித மூளை வளர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயதாகிறது. பாதி வளர்ந்த மூளைக்கு நாள் முழுக்க நிக்கோடின் ஊட்டினால் கவனம் சிதறும், கோபம் வரும், அது இல்லாமல் இருக்க முடியாமல் போகும். 'பையன் ஏன் எரிஞ்சு விழறான், படிப்புல ஏன் பின்தங்கிட்டான்' என்று கேட்கும் பெற்றோரே, இதையும் எண்ணிப்பாருங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வேப் வைத்திருப்பதே குற்றம். 2025-இல் அங்கே அதிகாரிகள் பிடிபட்ட வேப் குப்பிகளில் நூற்றுச் சொச்சத்தைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது. அது அறுவைச் சிகிச்சையில் மயக்கம் கொடுக்கும் மருந்து. செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் பிள்ளையின் கையில் இருக்கும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது. அப்பா பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகும்போது, மகன் விளையாட்டாகப் பையில் போட்டுவிட்ட பொருள் அவர் வேலைக்கே உலை வைக்கும்.

இப்போது அந்த எண்பது கண்களுக்குத் திரும்புகிறேன். தோட்டத்தில் அப்பா அம்மா பால்வெட்டுக்குப் போனாலும் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு வீட்டில் இருப்பார்கள். கூப்பிடு தூரம். இங்கே? விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், குடிநுழைவு வரிசையில் நின்று, வேலை முடித்து, மறுபடி வரிசையில் நின்று, இரவு எட்டுக்கும் ஒன்பதுக்கும் திரும்புகிறீர்கள். பிள்ளை எழும்போது நீங்கள் இல்லை. அவன் பள்ளிவிட்டு வரும்போதும் இல்லை. பத்தாவது மாடியில் பக்கத்துக் கதவில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் பிள்ளை யார் என்று அவருக்கும் தெரியாது. உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அந்தக் கூலியில்தான் வீட்டுக் கடன் கட்டுகிறீர்கள், பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள். ஆனால் பிற்பகல் இரண்டு மணிமுதல் இரவு எட்டுவரை அந்தப் பிள்ளைக்கு நகரம் யாரைக் கொடுத்திருக்கிறது? ஒரு கைப்பேசியை. அதில் வேப் விற்பவனும் இருக்கிறான்.

மிச்சமிருக்கும் தோட்டங்களிலும் இன்று அதே கதிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லயங்களில் முக்கால்வாசி காலி, இல்லை வெளிநாட்டுத் தொழிலாளர். பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பம் இருந்தால் அதிகம். பழைய கடை மூடிக்கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் கைப்பேசி இருக்கிறது. சிகரெட் அவனுக்கு மலிவு, வேப்பும் பொட்டலமாய் வருகிறது. உதவிக்கு வர வேண்டிய கிளினிக் மட்டும் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி. நகரத்துப் பையனைவிட அவன் நிலைமை மோசம் என்பது என் கருத்து.

திரைப்படத்தைப் பற்றியும் கொஞ்சம். நம் வீட்டுப் பிள்ளைகள் ஜொகூரில் வளர்ந்தாலும் அவர்களின் நாயகர்கள் சென்னையில் இருக்கிறார்கள். சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிக்கும் வித்தையை எங்கள் தலைமுறை ரஜினியைப் பார்த்துத்தான் பழகியது. 2002-இல் 'பாபா' வந்தபோது தமிழ்நாட்டில் அதை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சி நடந்தது. 2018-இல் 'சர்கார்' படத்தின் முதல் விளம்பரத் தட்டியில் விஜய் புகைப்பதுபோல் இருந்தது. சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியதும் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே கேட்பதற்கு ஆள் இருக்கிறது. இங்கே நாமும் கேட்கலாம். தமிழ் நிகழ்ச்சி மேடைகளில் கையில் வேப்போடு ஏறும் உள்ளூர்ப் பாடகர்களை நம் சங்கங்களே அழைக்கின்றன. அழைக்காதீர்கள்.

சட்டத்துக்கு வருவோம். பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், 2024. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது, இணையத்தில் விற்கக்கூடாது, தானியங்கி இயந்திரத்தில் விற்கக்கூடாது என்கிறது. வேப்பும் அதற்குள் வருகிறது. நல்ல சட்டம். ஆனால் அதன் உயிர்நாடியைப் பிடுங்கிவிட்டுத்தான் நிறைவேற்றினார்கள். 2007 ஜனவரி 1-ஆம் நாளும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கப் புகைப்பொருள் விற்கக்கூடாது என்ற பகுதியை 2022-இல் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் கொண்டுவந்தார். அடுத்து வந்த டாக்டர் சாலிஹா முஸ்தாபாவும் கொண்டுவந்தார். பிறந்த நாளை வைத்துக் குடிமக்களைப் பிரிப்பது அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு மாறானது என்று சட்டத்துறைத் தலைவர் கருத்துச் சொல்ல, 2023 நவம்பரில் அந்தப் பகுதி இல்லாமலேயே மக்களவையில் சட்டம் நிறைவேறியது. நாம் கைவிட்ட அதே தேதியை, 2007 ஜனவரி 1-ஐ, மாலத்தீவு எடுத்துக்கொண்டு 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திவிட்டது. ஒரு குட்டித் தீவு நாடு செய்ததை நம்மால் செய்ய முடியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தீபாவளி விருந்துக்கு வரும்போது இதைக் கேளுங்கள். சாலைக் குழியைப் பற்றிக் கேட்கிறோம், இதையும் கேட்போம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேப்போடு பிடிபடும் மாணவனைப் பள்ளியை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் யாரும் இல்லை என்று சற்றுமுன் சொன்னேன். இரண்டு வாரத் தடை என்றால் இரண்டு வாரம் அவன் கையில் வேப்பும் கைப்பேசியும்தான். கிளினிக்குக்கு அனுப்புங்கள். நிக்கோடினுக்கு அடிமையான பிள்ளை நோயாளி. தூக்கமின்மையும் எரிச்சலும் முதல் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அந்த நாட்களில் அவனுக்கு ஆள்துணை வேண்டும்.

கடை வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள், முகம் தெரிகிறது. என் தோட்டத்துக் கடைக்காரர் எனக்கு விற்றது தவறு. ஆனால் அவர் என் அப்பாவை அறிந்திருந்தார். நீங்கள் விற்காமலும் இருக்க வேண்டும், அறிந்தும் வைத்திருக்க வேண்டும். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பவருக்கு அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைவிட அதிகம் தெரியும். சொல்லுங்கள். 'ஊர் வம்பு நமக்கெதற்கு' என்று இருந்துவிடாதீர்கள்.

அப்பாமார்களே, உங்களுக்குத்தான் கடைசியாக. என் கிளினிக் ஆண்டுகளில் மகனைத் திருத்தச் சொல்லி அழைத்துவந்த தகப்பன்கள் பலரின் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி தெரிந்தது. ஒரே ஒருவர் மட்டும், "நானும் சேர்ந்து விடறேன், ரெண்டு பேருக்கும் மருந்து குடுங்க" என்றார். பாசிர் கூடாங்கில் லாரி ஓட்டுபவர். மகனுக்கு வயது பதினைந்து. இருவரும் வாரம் ஒரு முறை சேர்ந்து வந்தார்கள். அப்பா மூன்று முறை தோற்று, நான்காவது முறை விட்டார். மகன் அதற்கு முன்பே விட்டுவிட்டான். அப்பா தோற்பதையும் மறுபடி முயல்வதையும் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான் அந்தப் பையனுக்கு மருந்தாக வேலை செய்தது என்று நான் நம்புகிறேன்.

உடனே விட முடியவில்லையா? ஒன்றையாவது இன்றிரவு நிறுத்துங்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 'காரிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா', 'லைட்டரைக் கொடு' என்று அவனிடம் கேட்காதீர்கள். என் அப்பா ஐம்பத்தொன்பது வயதில் நுரையீரல் புற்றுநோயில் போனார். கடைசி மாதத்தில் என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உன்னை நான்தானே கடைக்கு அனுப்பினேன்?" இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது. வேப்புக்கும் அங்கேயே போகலாம். பெரிய செலவில்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொள்ளுங்கள். நாளை திங்கட்கிழமை, காலை 8 மணிக்குத் திறந்திருக்கும்.